வளைகாப்பு முடிந்த கையோடு டாக்டரும் மாறுகிறார்

வாசகர் கேள்வி - பதில்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி அழைத்துப்போகும்போது, அதுவரை பார்த்த டாக்டரும் மாறிவிடுகிறார். ஊர் மாறுவதற்காக, செலவுக்காக, மனத்தாங்கலுக்காக என்று கடைசி மாதங்களில் டாக்டரை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கோவையில் இருக்கிறேன். இப்போது 33 வாரம். அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்ததும் காரைக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். எனக்குப் பீரியட்ஸ் எப்போதும் தள்ளித்தான் வரும். கடைசியாக ஆனது ஜனவரி 2. மார்ச் 13 அன்று எடுத்த முதல் ஸ்கேனில் 8 வாரம் என்று வந்ததால், பிரசவத் தேதி அக்டோபர் 23 என்றார் டாக்டர். ஊரில் புது டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
- ஒரு வாசகி, கோவை

போய் இறங்கிய வாரமே பார்த்துவிடுங்கள். அதற்கும் முன்னால், அம்மாவையோ அப்பாவையோ அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை அனுப்பி, 'இத்தனை வாரத்தில் வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?' என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் வருகிறவர்களைச் சேர்க்கத் தயங்கும் தனியார் ஆஸ்பத்திரிகள் உண்டு.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு தேதிகள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். புது ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் நர்ஸ் முதலில் கேட்பது, 'கடைசியா எப்போ பீரியட்ஸ் ஆச்சு?' நீங்கள் ஜனவரி 2 என்பீர்கள். அவர் கணக்குப் போட்டு, சீட்டின் மேல் மூலையில் அக்டோபர் 9 என்று எழுதிவிடுவார். பீரியட்ஸ் தள்ளி வரும் உங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதன் பிறகு டியூட்டி டாக்டரில் தொடங்கி எல்லாரும் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

இதனால் என்ன ஆகும்? குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை, சிசேரியன்தான் என்று முடிவாகிறது என வைத்துக்கொள்வோம். '38 வாரம் ஆச்சு' என்று செப்டம்பர் 25-ல் நாள் குறிப்பார்கள். உண்மையில் அன்று உங்களுக்கு 36 வாரம். அந்த இரண்டு வாரத்தில் குழந்தையின் நுரையீரல் இன்னும் பக்குவப்பட வேண்டியிருக்கிறது. மூச்சுத்திணறலோடு குழந்தை என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) கிடக்கும்போது, காரணம் ஒரு தேதி என்று யாருக்கும் தோன்றாது. நார்மலுக்குக் காத்திருந்தாலும் இதே கதை. அக்டோபர் 16-ல் '41 வாரம் ஆகியும் வலி வரலையே' என்று அட்மிட் செய்து வலிக்கு மருந்து வைப்பார்கள். உங்கள் கணக்கில் அன்று 39 வாரம்தான்.

'சந்தேகம் வேண்டாம், புதுசா ஒரு ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதி பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று மாத ஸ்கேனில் குழந்தையின் உச்சி முதல் பிட்டம் வரை உள்ள நீளத்தை அளக்கிறார்கள். 8 வாரத்தில் அது சுமார் 16 மி.மீ. அந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், கணக்கு ஐந்தாறு நாளுக்கு மேல் பிசகாது. கடைசி மாதங்களில் அப்படியில்லை. தலைச்சுற்றளவு, வயிற்றுச்சுற்றளவு, தொடை எலும்பு என்று அளந்து போடும் வயது மூன்று வாரம் முன்பின் போகும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து குழந்தை பெருத்திருந்தால் வயது கூடுதலாகக் காட்டும். வளர்ச்சி குன்றியிருந்தால் குறைவாகக் காட்டும். 'குழந்தை சின்னதா இல்லை, தேதிதான் தப்பு' என்று அந்தக் குறைபாட்டையே மூடி மறைத்துவிடவும் கூடும். ஆகவே ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிப் பெரிதாக எழுதுங்கள்: 'பிரசவத் தேதி அக்டோபர் 23, மார்ச் 13 ஸ்கேன்படி.' அந்த ஸ்கேன் ரிப்போர்ட் அதற்கு அடுத்த தாளாக இருக்கட்டும்.

மற்றவை சுலபம். ஆர்.சி.ஹெச். எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தரும் எண்) எழுதிய தாய்-சேய் நல அட்டை, ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி சோதனைகள், கடைசி ஹீமோகுளோபின், தடுப்பூசி போட்ட தேதிகள். ஸ்கேனில் படங்களைவிட எழுத்தில் உள்ள பக்கம்தான் தேவை. நஞ்சு (நஞ்சுக்கொடி) எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி (அம்மா, குழந்தை ரத்த வகை ஒத்துப்போகாததால் வரும் பாதிப்பைத் தடுப்பது) போட்டார்களா, என்றைக்கு என்பதும் வேண்டும்.

எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத விஷயங்களுக்குப் பழைய டாக்டரிடம் அரைப் பக்கக் கடிதம் கேளுங்கள். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதன் தேதி (தெரியாவிட்டால் புது இடத்தில் மறுபடி போட்டுவிடுவார்கள்), இரும்புச்சத்து டிரிப் ஒத்துக்கொண்டதா, எந்த மருந்துக்கு அலர்ஜி, என்றைக்காவது பி.பி. ஏறியதா, ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிட்டால் எந்த வாரத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அதில் வந்துவிட வேண்டும். 'ஊருக்குப் போறேன் டாக்டர்' என்று சொன்னால் பெரும்பாலானோர் மனம் கோணாமல் எழுதித் தருவார்கள். இவர்கள் வருடம் முழுக்கப் பார்க்கிற வழக்கம்தானே.

காரில் போனால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்கத்தான். ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, நஞ்சு கீழே இறங்கியிருப்பது, கட்டுப்படாத பி.பி. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிளம்ப வேண்டாம். வளையலைக் கோவையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

முதல் பிரசவம் சிசேரியன். மூன்றரை வருடம் ஆகிறது. இப்போது 35 வாரம். இத்தனை நாள் 'நார்மலுக்குப் பார்க்கலாம்' என்ற டாக்டர், இப்போது 'எதுக்கு ரிஸ்க், நல்ல நாளா பார்த்துச் சொல்லுங்க' என்கிறார். வேறு டாக்டரிடம் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

போகலாம். அதற்கு முன் இவரிடமே, 'இப்போது புதிதாக என்ன மாறியது?' என்று கேளுங்கள். நஞ்சு பழைய தழும்பின் மேல் இறங்கி ஒட்டியிருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, போன முறை கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறியிருக்கிறார்கள் என்பவை பதிலாக வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் அதே பதில்தான். 'இங்கே ராத்திரியில் மயக்க டாக்டர் இருக்க மாட்டார்' என்பது பதிலானால், அது நேர்மையான பதில். இடம் மாறுவதற்கு நியாயமான காரணமும் அதுதான். வெறுமனே 'ரிஸ்க்' என்றால் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம்.

போன முறை ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து ஆபரேஷன் குறிப்பை வாங்குவதுதான் முதல் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சிசேரியன் செய்யப்பட்டது' என்று ஒரு வரிதான் இருக்கும், அது போதாது. கர்ப்பப்பையை எங்கே கீறினார்கள், கீறல் நீண்டு கிழிந்ததா, எதற்காகச் செய்தார்கள் என்று தெரிய வேண்டும். வயிற்றுத் தோலில் உள்ள தழும்பை வைத்து உள்ளே உள்ளதைச் சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்குக் கீறல் ஒன்றே ஒன்று என்றால், முயல்கிறவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு நார்மல் ஆகிறது. தழும்பு பிரியும் ஆபத்து சுமார் இருநூறில் ஒருவருக்கு. குறைவுதான், ஆனால் பிரிந்தால் நிமிடக்கணக்கில் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்க வேண்டும்.

அதனால் புது டாக்டரிடம், 'நார்மல் பார்ப்பீங்களா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் எங்கிருந்து வரும்? வலி நேரம் முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பை மெஷினில் பார்ப்பீர்களா? நீங்கள் ஊரில் இல்லாத அன்று யார் பார்ப்பார், அவரும் இதற்குச் சம்மதிப்பாரா? வலி தானாக வராவிட்டால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'மாத்திரை வைப்போம்' என்று பதில் வந்தால் உஷாராகுங்கள். சிசேரியன் தழும்பு உள்ளவர்களுக்கு வலி வரவைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை கூடாது.

36 முடிவதற்குள் முடிவெடுங்கள். அதற்குப் பிறகு தேடினால், நல்ல டாக்டர்கூட உங்களைத் தெரிந்துகொள்ள நேரமில்லாமல் பாதுகாப்பான பக்கமே சாய்வார்.

தனியாரில் காட்டி வந்தோம். பிரசவச் செலவைக் கேட்டதும் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. 36 வாரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 'இத்தனை நாள் எங்கே போனீங்க' என்று திட்டி அனுப்பிவிடுவார்களா?
- ஒரு வாசகி, சென்னை

திட்டலாம். திருப்பி அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. வலி வந்த பிறகு போகாமல், இந்த வாரமே காலை ஓ.பி. நேரத்தில் போய் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கம் எழும்பூரோ, திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தியோ, ராயபுரமோ, பொதுவாக ஏழு, எட்டு மணிக்கே வரிசை சேர்ந்துவிடும். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு போங்கள்.

12 இலக்க ஆர்.சி.ஹெச். எண்ணை மறக்காதீர்கள். தனியாரில் பார்த்தவர்களுக்கும் இந்த எண் உண்டு; குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. உங்களிடம் இல்லையென்றால் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதையே காட்டுங்கள். புதிதாக இன்னொன்று போட்டுக்கொண்டால் சான்றிதழ் வாங்கும்போது இழுபறிதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் உங்களுக்கு இனி எந்தத் தவணை கிடைக்கும் என்பதையும் அதே செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். முன்பதிவும் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவமும் அதற்கான நிபந்தனைகளில் வருகின்றன.

2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சோதனைகள் எல்லாம் இலவசம். நார்மலுக்கு மூன்று நாளும் சிசேரியனுக்கு ஏழு நாளும் சாப்பாடு உண்டு. வீட்டுக்குக் கொண்டுவிட 102 வண்டி. பிரசவ வார்டில் பெரும்பாலும் ஒரு பெண் துணைக்குத்தான் அனுமதி. அம்மாவா, மாமியாரா என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

டாக்டரை மாற்றப்போகிறோம் என்றதும் ஃபைலைத் தர முடியாது என்கிறார்கள். பாக்கி எதுவும் இல்லை.
- ஒரு கணவர், திருச்சி

வாய்ச்சண்டை வேண்டாம். உங்கள் மனைவியின் கையெழுத்தோடு, 'என் மருத்துவப் பதிவுகளின் நகல் வேண்டும்' என்று ஒரு கடிதம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். பெரும்பாலும் இந்த வரியைக் கடிதத்தில் எழுதினாலே வேலை நடந்துவிடும். அந்த மூன்று நாளை வீணாக்காமல், ஸ்கேன் சென்டருக்கும் லேபுக்கும் நேரே போய் நகல் கேளுங்கள். ஸ்கேன் சென்டர்கள் கர்ப்பகால ஸ்கேன் பதிவுகளை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

மருமகளைப் புது டாக்டரிடம் காட்டினோம். எல்லா டெஸ்டும் மறுபடி எடுக்கச் சொல்கிறார். காசு பிடுங்கவா?
- ஒரு மாமியார், மதுரை

பாதி நியாயம்மா. ஹீமோகுளோபின், பிளேட்லெட், சிறுநீர் ஆகியவை மாதத்துக்கு மாதம் மாறும், எடுக்கத்தான் வேண்டும். வேறு லேப் சீட்டில் உள்ள ரத்த வகையை நம்பி எந்த ஆஸ்பத்திரியும் ரத்தம் ஏற்றாது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை சோதனைகளைப் பிரசவத்துக்கு முன் இன்னொரு முறை பார்ப்பதும் உண்டு. ஆனால் சர்க்கரை இருப்பதாக ஏற்கெனவே உறுதியானவருக்கு மறுபடி குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சாப்பாட்டுக்கு முன், பின் சர்க்கரை அளவுதான் தேவை. போன மாதம் எடுத்த தைராய்டும் போதும். ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட் கையில் தெளிவாக இருக்கும்போது அதே ஸ்கேனைத் திரும்ப எழுதினால், 'எதற்காக டாக்டர்?' என்று கேளுங்கள்.

புது இடத்தில் பதிவு செய்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முன்பே, அல்லது பாதி வழியில் வலி வந்துவிட்டால்?
- ஒரு வாசகி, ஓசூர்

பதிவு செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று ஓட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, கிட்டத்தில் உள்ள, சிசேரியன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரத்தில் வந்தவரைத் தனியாரும் 'எங்க கேஸ் இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஃபைல் எப்போதும் கூடவே வரட்டும், டிக்கியில் பெட்டிக்கு அடியில் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து, துணைக்கு வருகிறவரின் போனுக்கும் அனுப்பிவையுங்கள். உங்கள் போனின் லாக் நம்பர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.