ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் எரிச்சல்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். பெரிய பிரச்சினை ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு மணிக்கு எல்லாரும் வீடு சேர்ந்ததும் ஏதாவது ஒரு எரிச்சல் ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் ஆளுக்கொரு போன். தினமும் கடைப்பிடிக்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: அந்த ஏழு மணியில்தான்.

உள்ளே நுழைந்ததும் முதலில் யார் என்ன பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். “கேஸ் புக் பண்ணியாச்சா?”, “ஹோம்வொர்க் முடிச்சியா?”, “துணி இன்னும் எடுக்கலையா?” எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் பஸ்ஸில் நின்றபடி வேர்த்து விறுவிறுத்து வந்தவர் காதில் அது விசாரணையாகத்தான் விழும். முதல் பத்து நிமிடத்துக்கு பில், மார்க், பாக்கி வேலை எதையும் எடுக்காதீர்கள். கை கால் கழுவி, டீயோ மோரோ குடிக்கட்டும். அதுவரை எல்லார் போனும் அலமாரி மேல் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

அடுத்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது. “ஏங்க, முருங்கை பூத்திருக்கு, வந்து பாருங்களேன்” என்றால், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்பதும், எழுந்து வந்து பார்ப்பதும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், புதிதாகத் திருமணமான தம்பதிகள் பேசிப் பழகுவதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கவனித்துப் பதிவு செய்தார். 6 ஆண்டுகள் கழித்தும் சேர்ந்து வாழ்ந்தவர்கள், துணையின் இத்தகைய சின்ன அழைப்புகளில் 100-க்கு 86-க்கு முகம் கொடுத்தவர்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்குத்தான். அமெரிக்கத் தம்பதிகளின் கணக்கு அது. இருந்தாலும் என்னிடம் வரும் குடும்பங்களிலும் பெரிய சண்டையைவிட இந்த “ம்” தான் அதிகம் புண்படுத்துகிறது.

பிள்ளைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். “நான் வரைஞ்சத மிஸ் போர்டுல ஒட்டினாங்கம்மா” என்று சின்னது ஓடி வரும்போது, “சரி, கணக்கு டெஸ்ட் என்னாச்சு?” என்று கேட்டுவிடாதீர்கள். என்ன வரைந்தது, பக்கத்தில் யார் படம் இருந்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நல்ல செய்திக்கு வீட்டில் மதிப்பிருந்தால்தான், நாளைக்குக் கெட்ட செய்தியையும் மறைக்காமல் சொல்லும்.

மாமியார் பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்திருப்பார். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்பதோடு நிறுத்தாமல், தெருவில் இன்று என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் நீங்கள் ஒருத்தியே சுமக்கக் கூடாது. வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்பதோடு, நாளைக்கு என்ன டிபன், மாவு இருக்கிறதா, யூனிஃபார்ம் காய்ந்ததா என்ற யோசனையும் பெரும்பாலும் பெண் தலையில்தான். உங்கள் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம். “கொஞ்சம் உதவி பண்ணுங்க” என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரு பொறுப்பை முழுசாகக் கணவரிடம் விடுங்கள். காலை டிபன் என்றால், என்ன செய்வது என்று தீர்மானிப்பது, சாமான் வாங்குவது, செய்வது எல்லாம் அவருடையது. நாலு நாள் தொடர்ந்து உப்புமாவே வந்தாலும் குறுக்கே போகாதீர்கள். பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.