சிவப்புக் கோட்டைத் தாண்டினால்?

கேள்வி: என் மகன் செஸ்னா 152 விமானத்தில் பயிற்சி பெறுகிறான். வேகமானியில் 149 நாட் (மணிக்குச் சுமார் 276 கி.மீ.) என்ற இடத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதாம். "கூடுதலாகத் தாங்கும்படிதான் செய்திருப்பார்கள், ஐந்து பத்து நாட் தாண்டினால் ஒன்றும் ஆகாது" என்கிறான். சரிதானா?
– ஒரு தாய், கோவை

பதில்: பாதி சரி அம்மா, அந்தப் பாதிதான் ஆளைக் கெடுக்கும். சோதனை விமானி அந்தக் கோட்டுக்கு மேலும் ஓட்டிப் பார்த்திருப்பார். அவர் எட்டிய வேகத்தில் 90 சதவீதத்தைத் தாண்டாமல்தான் கோடு போடுகிறார்கள். ஆனால் அவர் ஓட்டியது புத்தம் புது விமானம். 152 உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. உங்கள் மகன் ஓட்டுவது அவனுக்கு அண்ணனாக இருக்கும். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையை ஏலரான் என்போம்; அதன் கீல் தேய்ந்திருக்கலாம். யாரோ அதற்குப் புது பெயிண்ட் அடித்துவிட்டு, எடைச் சமநிலையைச் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம். வேகம் மிஞ்சினால் அந்தப் பலகை கொடித்துணிபோல் படபடக்கத் தொடங்கும். ஃபிளட்டர் என்போம். சில நொடிகளில் இறக்கையையே பிய்த்துவிடக்கூடியது அது.

இன்னொன்று. கடல்மட்டத்தில் முழு திராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கொடுத்து நேராகப் பறந்தாலும் 152 சுமார் 110 நாட்தான் போகும். வேகமானியில் வழக்கமான வேகங்களைக் காட்டும் பச்சைப் பட்டை 111-ல் முடிகிறது. 149 வர வேண்டுமென்றால் மூக்கு வெகுநேரம் கீழே பார்த்திருக்க வேண்டும்; ஓட்டுபவர் வேறெங்கோ பார்த்திருக்க வேண்டும்.

நான் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு மாணவன் பவரைக் குறைக்காமலே இறங்கினான். ஏப்ரல் மாதப் பிற்பகல், வெக்கையில் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் ஓடுதளத்தைத் தேடிக்கொண்டிருந்தான். ஊசி 125-ல் நின்றது. அது மஞ்சள் பட்டை, அசையாத காற்றுக்கு மட்டும் உரியது. என் மடியிலிருந்த வரைபடம் எகிறிக் கூரையில் மோதிய பிறகுதான் வேகமானியைப் பார்த்தான். பார்த்ததும் பதறி, கன்ட்ரோலை வெடுக்கென்று இழுக்கப் போனான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த வேகத்தில் சட்டென்று இழுப்பது, வேகத்தைவிட மோசம். முதலில் திராட்டிலைக் குறைக்க வேண்டும், இறக்கைகளைச் சமமாக்க வேண்டும், பிறகுதான் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும்.

"ஐந்து பத்து நாட்" என்று மகன் கணக்காகச் சொல்வதுதான் எனக்கு இடிக்கிறது. ஏற்கெனவே தாண்டியிருக்கிறானா என்று கேளுங்கள். ஆம் என்றால், இன்றே பயிற்சியாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதட்டும். திட்டு விழும், விழட்டும். பொறியாளர் கீல்களையும் இறக்கையையும் பரிசோதிக்காமல் அடுத்த மாணவர் அதில் ஏறக் கூடாது.