நீர் கசிந்த கேரவனுக்குச் சேமநிதிப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன், வயது 52. தோட்டத்தில் என்னுடன் வேலை செய்த நண்பர் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தமது பழைய கேரவனை (சக்கர வீட்டை) 22,000 ரிங்கிட்டுக்குத் தருகிறார். கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் தரைப்பலகை அமுங்குகிறது. பட்டறைக்காரர் 3,000 ரிங்கிட்டில் சரிசெய்யலாம் என்கிறார். ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலுள்ள 8,000 ரிங்கிட்டையும் கையிருப்பையும் சேர்த்து வாங்கலாமா?

பதில்: கேட்கும் விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பட்டறைக்காரர் சொன்ன 3,000 ரிங்கிட், கண்ணுக்குத் தெரியும் பலகைக்கு மட்டுமான கணக்கு. கூரை இணைப்பிலோ சன்னல் விளிம்பிலோ நுழையும் நீர், வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் இடையே இறங்கி, மரச்சட்டங்களை நனைத்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் தரையில் வெளிப்படும். நீர் நுழையும் இடத்தை அடைக்காமல் தரையை மட்டும் மாற்றினால், புதுப் பலகையும் அழுகும்.

ஆகவே, அம்மூலையின் உள்பலகையில் ஓர் அடியளவாவது கழற்றிப் பார்க்க நண்பரிடம் அனுமதி கேளுங்கள். திருப்புளி முனை சட்டத்தில் எளிதாக இறங்கினால் மரம் போய்விட்டது. மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் 15 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை; 20-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும்; 30 என்றால் அழுகல் ஏறத்தாழ உறுதி. நம் நாட்டுக் காற்றின் ஈரத்தில் நல்ல மரமும் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால், அதே கேரவனின் குறையில்லாத சுவரிலும் அளந்து ஒப்பிடுவது அவசியம். கனமழைக்கு மறுநாள் போவது நல்லது. வெளிச்சுவரில் உப்பல் இருக்கிறதா, தட்டினால் வெற்றொலி வருகிறதா என்றும் பாருங்கள். புதுச் சாயமும் வாசனைத் திரவிய மணமும் சேர்ந்திருந்தால், நான் இன்னும் கூர்ந்து பார்ப்பேன்.

அதன் பிறகு, ஒரு பக்கச் சுவரையே சட்டத்தோடு மாற்றி, கூரை இணைப்புகளையும் அடைப்பதற்கு என்ன செலவாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதே வயதுள்ள, கசிவில்லாத கேரவனின் விலையிலிருந்து அத்தொகையைக் கழித்தால் வருவதே நீங்கள் தரக்கூடிய உச்சவிலை. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குக் கொண்டுசெல்லலாம். தொழிலாக விற்காத நண்பரிடம் அந்த வழி இல்லை.

நெகிழ்வுக் கணக்கிலிருந்து எக்காரணத்திற்கும் பணம் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் 2024-ஆம் ஆண்டுக்குச் சேமநிதி 6.30 விழுக்காடு லாப ஈவு வழங்கியது. ஆண்டுக்காண்டு மாறக்கூடிய அவ்விகிதமே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் 55 வயதில் அந்த 8,000 ஏறத்தாழ 9,600 ஆகியிருக்கும். கேரவனோ அதற்குள் மேலும் விலை இறங்கியிருக்கும். ஆறு மாதக் குடும்பச் செலவை ஒதுக்கிய பின் கையிருப்பிலிருந்தே வாங்க முடிந்தால் மட்டும் பேரம் பேசுங்கள். முன்பணத்தை, பலகையைக் கழற்றிப் பார்த்த பிறகே கொடுங்கள்.