கூந்தன்குளம் போவதற்கு முன் உங்கள் குளத்தில் பழகுங்கள்

கேள்வி: கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் தினமும் காலையில் நடக்கிறேன். ஜனவரியில் குடும்பத்துடன் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குச் செல்லவிருக்கிறோம். அதற்குள் நீர்ப்பறவைகளை அடையாளம் காணப் பழகிவிட முடியுமா? எந்த பைனாகுலர் வாங்கலாம்?

பதில்: நிச்சயமாக முடியும். கூந்தன்குளத்தில் நீங்கள் காணப்போகும் பறவைகளில் பெரும்பாலானவை சிங்காநல்லூரிலும் உண்டு. அன்றாடம் கண்ணில் படும் பத்துப் பன்னிரண்டு பறவைகளை ஐயமின்றி அறிந்துகொண்டால், புதிதாக ஒன்று எதிர்ப்படும்போது அது வேறு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பறவை என்ன செய்கிறது என்பதை முதலில் பாருங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கறுத்த உடலோடு முழுகி மீன் பிடிப்பவை, இரண்டுமே கரையேறிச் சிறகை விரித்துக் காயவைப்பவை. ஆனால் பாம்புத்தாரா நீந்தும்போது உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து, மெலிந்த கழுத்தும் ஈட்டி போன்ற அலகும் மட்டுமே வெளியே தெரியும். நீர்க்காகத்தின் அலகு நுனியோ கொக்கி போல வளைந்திருக்கும். நெற்றியில் வெள்ளைப் பட்டயம் (இறகற்ற தகடு போன்ற பகுதி) கொண்ட நாமக்கோழி, திறந்த நீரில் கூட்டமாக நீந்தும். சிவந்த பட்டயமுள்ள தாழைக்கோழி புல்லோரம் ஒதுங்கி, வாலை அடிக்கடி வெட்டி வெட்டி அசைக்கும். பலர் வாத்துக் குஞ்சு என்று நினைக்கும் முக்குளிப்பான், வாத்து இனமே அல்ல.

வாத்துகளில் புள்ளிமூக்கு வாத்தை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கறுத்த அலகின் நுனி மஞ்சளாகவும் அடிப்பகுதியில் சிவப்புப் புள்ளிகளுடனும் இருக்கும். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றம். வலசை வரும் நீலச்சிறகு வாத்துதான் புதியவர்களைத் திணறடிப்பது. பருவத் தொடக்கத்தில் வந்திறங்கும் ஆண்கள் பெண்களைப் போலவே மங்கலாக இருந்து, குளிர்காலம் நகர நகரத்தான் அந்த அகன்ற வெண்புருவம் தெளிவடையும்.

நடையையும் பார்வையையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். காலை வெளிச்சம் பறவை மீது விழ வேண்டுமானால் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்க வேண்டும்; ஆகவே கிழக்குக் கரையில் ஓரிடத்தில் கால் மணி நேரம் அமர்ந்து பார்த்துவிட்டு, பிறகு நடையைத் தொடருங்கள். பறவை நோக்குவோர் தாங்கள் கண்டவற்றைப் பதிவிடும் ஈபேர்ட் (eBird) செயலியில் தினமும் ஒரு பட்டியல் இட்டு வந்தால், எது எப்போது வந்து சேர்ந்தது என்பது பதிவாகும். கூந்தன்குளத்தின் முந்தைய ஜனவரிப் பட்டியல்களையும் அதிலேயே பார்க்கலாம்.

பைனாகுலரில் 8x42 அளவே, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட கருவியே என் பரிந்துரை. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவியில் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், 42 மி.மீ. வில்லை விடியற்காலை மங்கலிலும் போதிய வெளிச்சம் தரும். வாங்கியவுடன் குளக்கரையிலேயே பழகுங்கள், ஏனெனில் பறக்கும் பறவையைக் கருவிக்குள் பிடிப்பதற்குக் கை பழக வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, புறப்படும் முன் குளத்தில் நீர் இருக்கிறதா என்று வனத்துறையிடம் விசாரித்துவிடுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வெகுவாகக் குறையும். சிங்காநல்லூரில் காண அரிதான பட்டைத்தலை வாத்து, வெண்தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகளோடு அங்கு கூட்டமாக ஓய்வெடுப்பதைத் தேடிப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வரும் பறவை அது. கூந்தன்குளத்தின் தனிச்சிறப்பு, மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள், வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுவதுதான். அவ்வூர் மக்கள் காலங்காலமாகக் காத்துவரும் கூடுகள் அவை. ஆகவே மரத்தடியில் கூட்டமாக நிற்காமலும், குழந்தைகள் கைதட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பறவையைப் பறக்கவைத்துப் படம் எடுக்க எவரேனும் முன்வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.