வட்டி அப்படியே இருக்க, வயிற்றைச் சுருக்கலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் தேனி மாவட்டம் கூடலூரில் வசிக்கிறோம். நான் விடியும் முன்னே ஜீப் ஏறிக் குமுளி வழியாக அணக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறேன். கணவர் குமுளியில் ஒரு மளிகை மண்டியில் வேலை செய்து மாதம் 14,000 ரூபாய் கொண்டுவருகிறார். காய் எடுப்புக் காலத்தில் எனக்கு 9,000 வரை வரும். மாசி முதல் வைகாசி வரை 3,000 வந்தாலே பெரிது. மகளின் சடங்குக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினோம். என் ஐந்து பவுன் நகை, இரண்டு வட்டிக்கு, 1,50,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் இருக்கிறது. பத்து மாதமாக அதற்கு வட்டி கட்டவில்லை. குழுக் கடன்கள் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 5,200 கட்டுகிறேன், இன்னும் 14 மாதம் இருக்கிறது. இவை போக நாள் 100 ரூபாய் தண்டல். அது முடிந்தால் மறுபடியும் எடுக்கும்படி ஆகிவிடுகிறது. பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டேன், இரவில் கஞ்சிதான். இந்த நிலையில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள், தாய்மாமன் சீருக்கு 40,000 ஆகும் என்கிறார் கணவர். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் குமுளியில் தினமும் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார். கடனை அடைக்க இன்னும் எந்தச் செலவைக் குறைப்பது? பாலிடெக்னிக்கில் படிக்கும் மகனை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கூடலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அடுப்படியில் இனி எதையும் குறைக்காதீர்கள். நாளையே பாலையும் முட்டையையும் திரும்ப வாங்கத் தொடங்குங்கள். மழையிலும் சரிவிலும் நின்று, நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிற உடம்பு கஞ்சியில் எத்தனை மாதம் தாங்கும்? நீங்கள் ஒரு வாரம் படுத்துவிட்டால், இத்தனை நாள் பாலில் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஒரே வாரக் கூலியில் போய்விடும். மகனுடைய படிப்பையும் நிறுத்த வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கு வரக்கூடும். கல்லூரி அலுவலகத்தில் உடனே விசாரிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மூன்று வட்டிக்கு மாதம் 3,000, நகைக்கு ஏறிக்கொண்டிருக்கும் வட்டி 3,000, குழுக் கடனுக்கு 5,200, தண்டலுக்கு 3,000, ஆக மொத்தம் 14,200 ரூபாய். நல்ல மாதத்தில் வீட்டுக்கு வருகிற 23,000 ரூபாயில் பாதிக்கு மேல் கடனே தின்றுவிடுகிறது. மூன்று வட்டிக்காரரிடம் இந்த இரண்டு ஆண்டுகளில் 72,000 ரூபாய் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தண்டலில் 10,000 என்று எழுதி 8,500 மட்டும் கையில் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். நூறு நாளில் திரும்பிப் போகும் அந்தப் பணத்துக்கு ஆண்டு வட்டி போட்டுப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும். அதனால்தான், குறைக்க வேண்டியது வட்டி என்று சொல்கிறேன். காய்கறியில் மிச்சப்படும் இருநூறு முந்நூறு ரூபாயால் இந்தக் கணக்கு அசையாது.

வட்டியைக் குறைக்கும் வழி உங்கள் நகையிலேயே இருக்கிறது. தாய்வீட்டு நகையை விற்கச் சொல்வது எவ்வளவு கசப்பான யோசனை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இன்று பவுன் விற்கும் விலையில் உங்கள் ஐந்து பவுனின் மதிப்பு, வட்டியோடு சேர்த்து நீங்கள் கட்ட வேண்டிய 1,80,000 ரூபாயைக் காட்டிலும் மிக அதிகம். நகையை மீட்டு, இரண்டு பவுனை விற்றால், மூன்று வட்டிக் கடனின் அசல் ஒரு லட்சம், அடகுக் கடையில் ஏறி நிற்கும் வட்டி 30,000, தண்டல் பாக்கி ஆகிய மூன்றும் ஒரே நாளில் தீர்ந்துவிடும். மீதமுள்ள மூன்று பவுனை உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அரசு வங்கியிலோ வைத்து 1,50,000 வாங்கிக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,250 ரூபாய்தான் வட்டியாகும். 14,200 ரூபாய் போன இடத்தில் 6,450 மட்டும் போகும். மீட்பதற்கு முதலில் ரொக்கம் வேண்டும் என்பதால், உடன்பிறந்தவர்களிடம் ஒரு நாள் கைமாற்றாகக் கேளுங்கள். வங்கி மேலாளரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். விற்பதற்கு முன் இரண்டு மூன்று நகைக் கடைகளில் எடையையும், எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வட்டிக்காரரிடம் பணத்தைக் கொடுக்கும்போது, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிராமிசரி நோட்டையும் வெற்றுக் காசோலை ஏதும் கொடுத்திருந்தால் அதையும் கையில் வாங்கிய பிறகே பணத்தை நீட்டுங்கள். 'வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். தகராறு வந்தால், கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதையும், அதில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

குழுக் கடனைத் தவணைப்படி கட்டி முடிப்பதே நல்லது. ஆனால் பங்குனி, சித்திரையில் வேலை இல்லாமல் ஒரு தவணை தவறினால் பயந்துகொண்டு மறுபடியும் தண்டலுக்கு ஓடாதீர்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளின்படி, தாமதத்துக்கான அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போட முடியும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இனி சீர். உங்கள் பக்கத்துச் சடங்குகளில் தாய்மாமன் சீர் இப்போது ஊர்வலமாகவே மாறியிருக்கிறது. வேன் பிடித்து, கேரளத்துச் செண்டை மேளம் வைத்து, நூறு தட்டு, நூற்றைம்பது தட்டு என்று எண்ணிக் காட்டுகிறார்கள். மாமன் முறைக்கு உண்மையில் வேண்டியது சேலை, மாலை, பழம், பூ வைத்த சில தட்டுகள், முடிந்தால் ஒரு பாத்திரம். 6,000 ரூபாய்க்குள் குறைவில்லாமல் செய்துவிடலாம். ஆனால் இதைச் சடங்கு வீட்டுப் பந்தலில் வைத்துச் சொல்லாதீர்கள். பத்திரிகை அடிக்கும் முன்பே நீங்களும் கணவரும் சேர்ந்து நாத்தனார் வீட்டுக்குப் போய், நகை அடகில் இருப்பதை மறைக்காமல் சொல்லி, 'அண்ணனால் இப்போது இவ்வளவுதான் முடியும்' என்பதை உங்கள் கணவர் தன் வாயாலேயே தங்கையிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது அண்ணி தடுத்ததாகப் போய்விடும். அவர் சொன்னால் அண்ணனின் கஷ்டம் தங்கைக்குப் புரியும்.

மொய்க்கும் ஒரு வரம்பு வேண்டும். உங்கள் மகளின் சடங்கில் எழுதிய மொய் நோட்டை எடுத்து, ஊர் வாரியாக இருக்கும் பெயர்களைப் பார்த்து, நாம் திருப்ப வேண்டியவர்களுக்கு மட்டும் பென்சிலில் குறியிடுங்கள். அவர்கள் 500 எழுதியிருந்தால் நீங்களும் 500 எழுதுங்கள். 'கூட வைத்து எழுதினால்தான் மரியாதை' என்பதை இந்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கி வையுங்கள். குறி இல்லாத பெயர்களின் விசேஷத்துக்கு ஒருவர் மட்டும் போய் வாழ்த்திவிட்டு வரலாம்.

லாட்டரியைப் பற்றி எழுதும்போது உங்கள் கை தயங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகும், எல்லையைத் தாண்டினால் கேரள அரசின் சீட்டு கடைக்குக் கடை தொங்குகிறது. தினமும் அங்கே வேலைக்குப் போகிறவருக்கு அதைக் கடந்து வருவது எளிதல்ல. உங்கள் கணவர் அதைக் கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை, கடன் தீர வேண்டும் என்ற ஆசையில்தான் வாங்குகிறார். ஆகவே சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். நாளைக்கு 50 ரூபாய்ச் சீட்டு இரண்டு என்றால் மாதம் 3,000, அதாவது ஒரு லட்சம் கடனுக்கு நீங்கள் கட்டும் அதே வட்டி. மேலே சொன்ன கணக்கை எழுதிய தாளில் இதையும் ஒரு வரியாக எழுதி, சம்பளம் வரும் நாளில் இருவரும் உட்கார்ந்து அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தனக்குத் தெரியாமல் மனைவி கணக்குப் போட்டுக் குற்றம் சொல்கிறாள் என்ற எண்ணம் வந்துவிட்டால், சீட்டு வாங்குவது நிற்காது, மறைப்பதுதான் தொடங்கும்.

மற்றவை சிறியவை. நியாய விலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும், 25 ரூபாய் பாமாயிலையும் ஒரு மாதமும் விடாதீர்கள். மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருந்தால் அதை முடித்துவிட்டு ரொக்கத்துக்கு வாங்குங்கள். ஆடியிலிருந்து தை வரை வேலை நிறைந்த மாதங்களில் நகைக் கடனின் அசலில் 3,000, 4,000 என்று இறக்குங்கள். அதே மாதங்களில் 1,000 ரூபாயை அஞ்சலகக் கணக்கில் தனியே போட்டு வைத்தால், பங்குனியில் தண்டல்காரர் வாசலுக்கு வரும்போது அவரைத் திருப்பி அனுப்ப முடியும். 14 மாதம் கழித்துக் குழுக் கடன் முடிந்ததும் அந்த 5,200 ரூபாயையும் நகைக்கே திருப்புங்கள். குழுவில் அடுத்த கடனுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதீர்கள்.

கேள்வி: குமுளியில் சிறிய பெட்டிக்கடை வைத்திருக்கிறோம். கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் ஏலச்சீட்டுச் சேர்ந்து, முதல் மாதங்களிலேயே தள்ளி (தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து) எடுத்து, வங்கி நகைக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். சரியாக வருமா?
– வாசகி, குமுளி

பதில்: நிறுவனத்தைப் பற்றிய பயம் வேண்டாம்; 1969 முதல் நடந்துவரும் அரசு நிறுவனம் அது. ஆனால் முதல் மாதங்களில் சீட்டை எடுக்கப் போட்டி இருப்பதால், அதிகமாகத் தள்ள வேண்டி வரும். ஒரு லட்சம் சீட்டை 25,000 தள்ளி எடுத்தால், கையில் 75,000 தான் கிடைக்கும்; எடுத்த பணத்துக்கு ஜாமீனும் கேட்பார்கள், மீதித் தவணைகளையும் விடாமல் கட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு சதவீத வங்கிக் கடனை அடைக்க இவ்வளவு விட்டுக்கொடுப்பது நஷ்டம். மூன்று வட்டி, ஐந்து வட்டிக் கடன் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால், சீட்டில் சேர்ந்து கடைசி மாதங்கள் வரை காத்திருந்து, மற்றவர்கள் தள்ளிய தொகையில் உங்கள் பங்காக வரும் தள்ளுபடியையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் வருகிற தொகையில் நகையை மீட்பதே உங்களுக்கு லாபம். அதுவரை நகைக் கடனுக்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டி, ஆண்டு முடிவில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.