கட்டி 92.5, கொலுசு 91 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் கொலுசு வடிவமைத்து, செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் உள்ள மூன்று பட்டறைகளில் செய்யக் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். மாதம் முப்பது ஜோடி போகிறது. ‘92.5, கைவேலை’ என்று போட்டிருப்பேன், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. சென்ற வாரம் வாங்கிய ஒருவர் டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்துவிட்டு 91தான் வருகிறது என்றார். பட்டறைக்காரரோ கொலுசுக்கு உருக்கிய வெள்ளிக் கட்டி 92.5தான் என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வது பொய்? இன்னொன்று, நான் வரைந்த டிசைன் இரண்டே வாரத்தில் வேறு கடையில் வந்துவிட்டது. யாரையும் ஏய்க்காமல் இந்தத் தொழிலைச் சிறிய அளவில் நடத்த முடியுமா?

எஸ்., அம்மாபேட்டை

அன்புள்ள எஸ்.,

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். வித்தியாசம் பொடியில் இருக்கிறது. ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்கிறோமே, அதே பொடிதான். பட்டறையில் துண்டுகளை இணைக்க, இடையில் வைத்துத் தீயை ஊதி உருக்கும் கலப்பு வெள்ளி.

கணக்கைப் பாருங்கள். 200 கிராம் ஜோடி ஒன்றில் 190 கிராம் கம்பியும் தகடும், 10 கிராம் பொடி என்று வையுங்கள். கம்பி 92.5 என்றால் அதில் சுத்த வெள்ளி 175.75 கிராம். எளிதில் உருகும் பொடியில் வெள்ளி 65 சதவீதம் அளவில்தான் இருக்கும். மற்றது செம்பும் துத்தநாகமும். ஆக 6.5 கிராம். மொத்தம் 182.25. இருநூறால் வகுத்தால் 91.1. உங்கள் வாடிக்கையாளர் சொன்னது சரி. முடிந்த கொலுசு 92.5 நிற்க வேண்டுமென்றால் கம்பியை 94 டச்சில் இழுக்க வேண்டும். வளையம் வளையமாகப் பற்றவைக்கும் டிசைனில் பொடி இன்னும் கூடும், அதற்குத் தக்கபடி கட்டியின் டச்சும் ஏற வேண்டும். ஒவ்வொரு டிசைனிலும் முதல் ஜோடியை உருக்கிச் சோதித்துவிடுங்கள். கையிழப்புதான், ஆனால் ஒருமுறைதான். மேலோட்டமாக உரசிப் பார்ப்பதை நம்பாதீர்கள், முலாம் போட்ட பொருள் மேலே 99 காட்டும்.

இதே பொடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதற்கு விலை கொடுப்பவர் வாங்குகிறவர் அல்ல, ஊதுகிறவர். சில பொடிகளில் காட்மியம் கலப்பார்கள். குறைந்த சூட்டில் சட்டென்று ஓடும், இணைப்பு நைசாக இருக்கும், அதனால் கைக்குப் பிடிக்கும். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழல் தீயில் அந்தச் சூடு சாதாரணம். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூச்சிழுத்த உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நெஞ்சடைப்பு என்று வரும், சளி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். வீட்டு முன்னறையே பட்டறையாக இருக்கும் ஊரில் அந்தப் புகை குழந்தைகளுக்கும்தான். காட்மியம் இல்லாத பொடியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும், வேலை மெதுவாகும். கூலியை அதற்கு ஏற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ஊதுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. புகை முகத்தைத் தாண்டாமல் அவருக்கு எதிரே இழுபட வேண்டும்.

எடைக்கு வருவோம். சலங்கை முத்துக்குள் ஒலிக்காகப் போடும் இரும்புக் குண்டு 3 மில்லிமீட்டர் என்றால் ஒன்று ஏறக்குறைய 0.11 கிராம். அறுபது முத்து வைத்த ஜோடியில் 6.6 கிராம் இரும்பு. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும், 660 ரூபாய்க்கு இரும்பை வெள்ளி விலைக்கு விற்கிறீர்கள். நூறு குண்டை மொத்தமாக நிறுத்து நூறால் வகுத்து, பில்லில் கழித்துவிடுங்கள். மீனா (வண்ண எனாமல்), கல், அரக்கு எல்லாவற்றுக்கும் இதேதான்: மொத்த எடை, நிகர எடை இரண்டும் எழுத வேண்டும்.

இப்படி நேராக எழுதினால் ‘உங்களிடம் விலை கூட’ என்ற பேச்சு வரும். கூலியை டச்சுக்குள் ஒளிப்பது பழைய வழக்கம்: 75 டச் பொருளை 80 என்று பில் போட்டால் கிலோவுக்கு 50 கிராம் சுத்த வெள்ளி கையில் நிற்கும், ‘கூலி குறைவு’ என்று விளம்பரமும் செய்யலாம். வெள்ளி விலை ஏறினால் அந்த 50 கிராமின் மதிப்பும் ஏறும். கொலுசு செய்தவரின் கூலி மட்டும் ஏறாது. நீங்கள் வெள்ளி, செய்கூலி, சேதாரம், உங்கள் டிசைன் கூலி என்று நான்கு வரியாக எழுதினால் செய்கூலி பெரிதாகத்தான் தெரியும். தெரியட்டும். தங்கத்தைப் போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனால் 800, 835, 925 (ஆயிரத்தில் இத்தனை பங்கு வெள்ளி) போன்ற தரங்களுக்குத்தான் முத்திரை கிடைக்கும், 800க்குக் கீழே கிடையாது. நீங்கள் 925 போடுவதால் முத்திரை வாங்கிவிடுங்கள், பட்டறையிடம் சத்தியம் கேட்கும் வேலை மிச்சம்.

சேதாரத்தைச் சதவீதமாக ஊகிக்காதீர்கள். முதல் மூன்று ஜோடிக்குக் கொடுத்த வெள்ளி, திரும்பிய துண்டு, ராவிய தூள் எல்லாவற்றையும் நிறுத்து, டிசைனுக்கு ஒரு அளவு முடிவு செய்து இரு பக்கமும் எழுதி வையுங்கள். பட்டறையைக் கூட்டும் தூசியில் உள்ள வெள்ளி யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

‘கைவேலை’ என்ற சொல்: சங்கிலி மெஷினில் பின்னியது என்றால் அப்படியே சொல்லுங்கள், ‘சங்கிலி மெஷின், முத்தும் கொக்கியும் பற்றவைப்பும் கை’ என்று. யாரும் ஓடிவிட மாட்டார்கள்.

டிசைன் திருட்டுக்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிந்தால் 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் இன்ஸ்டாகிராமில் படம் போட்ட பிறகு பதியப் போனால் அது புதியது ஆகாது. முதலில் விண்ணப்பம், பிறகு படம். மாங்காய், அன்னம் போன்ற பழைய வடிவங்களை உங்களுடையது என்று சொல்ல முடியாது. பட்டறை ஆசாரி உங்கள் வரைபடத்தில் கொக்கியை மாற்றி உட்காரவைத்தால் அது அவர் வேலை, ஜோடிக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுங்கள்.

பற்றவைத்த கொலுசின் கறுப்பை நீக்க வெளுப்புப் போடும் கந்தக அமிலத்தை அப்படியே சாக்கடையில் ஊற்றினால் அது திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். நுரைப்பது நிற்கும்வரை சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓர் இரவு வைத்தால் செம்பு பச்சை நீலமாக அடியில் தங்கும். தெளிந்த நீரை மட்டும் விடலாம். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

பார்சலில் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. போய்ச் சேர்வதற்குள் பட்ட இடம் கறுத்துவிடும், அதைப் பார்த்து டச் குறைவு என்று இன்னொரு கடிதம் உங்களுக்கு வரும்.