வாய்க்காலில் தண்ணீர் வருமுன்னே நல்லேர் பூட்டியவர் நீங்கள்

அண்ணே, வணக்கம்.

நேற்று போனில் நீங்கள் கேட்டது ராத்திரி முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. "நாலு வருஷம் கழிச்சு என்ன வேலைன்னே தெரியல, பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?" உங்கள் மகள் பாப்பாவுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷம்கூட உங்கள் குரலில் தெரியவில்லை. அவசரத்தில் ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

நாலு வருடம் கழித்து இன்ன வேலைதான் என்று என்னாலும் சொல்ல முடியாது. யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

ஆனால் சித்திரை முதல் நாள் வருடத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டினீர்களே, அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா? வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்திருக்கும். மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். 2024-ல் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. அப்படியும் அடுத்த சித்திரையில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு ஏரைப் பூட்டத்தானே செய்தீர்கள்? சம்பாவுக்கும் அப்படித்தான். மழை வருமா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் புழுதியில் விதையைத் தெளித்துவிடுகிறோம். அது கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. உழவு ஓட்டி, ஈரம் பார்த்து, முளைக்காமல் போனால் மறுபடி தெளிக்க ஒரு மூட்டை விதை நெல்லையும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தெளிக்கிறோம். உங்களிடம் நான் கேட்பதும் அந்த நம்பிக்கையைத்தான்.

சரி, இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம், நான்கு வருடப் படிப்பு. மீன், இறால் வளர்ப்பு, அவற்றுக்கு வரும் நோய்கள், பிடித்த மீனைப் பதப்படுத்துவது, வலைத் தொழில்நுட்பம் எல்லாம் உண்டு. கடைசி வருடத்தில் களப்பயிற்சிக்கு வெளியே அனுப்புவார்கள். தூத்துக்குடிக் கல்லூரி 1977-ல் தொடங்கியது, இப்போது நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. முடித்தவர்கள் மீன்வளத் துறை ஆய்வாளர், சார் ஆய்வாளர் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம். ஆனால் அந்த அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று நம்பியிருக்க முடியாது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டம் செல்லும், இது பலருக்குத் தெரியாது. இறால் குஞ்சுப் பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதிக்கான பதப்படுத்தும் ஆலை என்று தனியாரிலும் வேலை உண்டு. வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருப்பவர்களிடம் ஒருநாள் பேசிப் பாருங்கள். ஒரு நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர்கள் எப்படித் தவிக்கிறார்கள் என்று சொல்வார்கள். இதில் எது பாப்பாவுக்குப் பிடிக்கும் என்பது இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் போனால்தான் அவளுக்கே தெரியும். இங்கே வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காத்திருப்பதால் நமக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை, கையில் இருக்கும் இடம்தான் போகும்.

அப்புறம் பணம். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும், சேர்க்கை ஆணையில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கும், பாருங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். குறையும் பணத்துக்குக் கல்விக் கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டும். ஒன்றே ஒன்று, நிலத்தை மட்டும் அடகு வைக்காதீர்கள், வட்டிக்காரரிடமும் போகாதீர்கள். அந்த நிலம்தான் நீங்கள் ஒதுக்கி வைக்கும் விதை நெல்.

தூரத்தை நினைத்துப் பயப்படுவதில் தப்பே இல்லை. என்னை முதல்முதலாகத் திருச்சி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது என் அப்பா பேருந்து நிலையம் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவோமோ என்று பயந்தாராம், ரொம்ப வருடம் கழித்து அம்மா சொன்னார்கள். அன்றைக்கு அவர் கையில் ஒரு பருவத்துக்கான கட்டணம்தான் இருந்தது. அடுத்த பருவத்துக்கு எங்கே போவது என்று அவருக்கும் தெரியாது.

சேர்க்கும் நாளில் நீங்களும் அண்ணியும் சேர்ந்தே போங்கள். விடுதிக் காப்பாளரைப் பார்த்துப் பேசுங்கள், அறையைப் பாருங்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது படிக்கிறார்களா என்று விசாரித்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் திங்கட்கிழமை வங்கிக்கு ஒரு நடை. சேர்க்கை ஆணை, கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலாளர் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தால் அங்கிருந்தே எனக்கு போன் போடுங்கள், நான் பேசுகிறேன்.